மச்சானின் பாயிண்டில் இரண்டு டிக்கெட்

விதிமுறை என்று ஒன்றை எழுதிவைத்திருந்தால் எனக்குப் பயம் வராது. வாய்க்கு வந்ததைச் சொல்கிற இடத்தில்தான் பயம். குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. என் கணவர் துபாயில் இருந்த காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டது நான்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையை ஓரங்கட்டினால், எந்த ஈரம் வரைக்கும் எடுக்கலாம் என்று அரசாங்கம் போட்டிருக்கிற உத்தரவை நான் அவர்களுக்கே வாசித்துக் காட்டுவேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு விமானக் கம்பெனியின் விதிமுறை வந்து சேர்ந்தது.

கணவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே அவர் லிப்ட் கம்பெனியில் இருந்தார். முதலில் ஹெல்பராக, பிறகு மெக்கானிக்காக, கடைசியில் சூப்பர்வைசராக. சூப்பர்வைசர் ஆன பிறகு மஸ்கட், தோஹா, பஹ்ரைன் என்று எங்கே லிப்ட் நின்றாலும் அவரை விமானத்தில் அனுப்பிவைப்பார்கள். அந்தப் பயணங்களுக்கெல்லாம் விமானக் கம்பெனி அவர் பெயரில் பாயிண்ட் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ஊருக்கு வரும்போது மட்டும் சொந்தக் காசு என்பதால் எது மலிவோ அதில் ஏறித் திருச்சிக்கு வருவார். வீட்டுக்கு வந்த பயணங்களுக்கு ஒரு பாயிண்ட்கூட இல்லை. வேலைக்கு அலைந்ததற்கு மட்டும் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய போனில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டது. கை கழுவாமல் போனைத் தொட மாட்டார். அதனால் நான்தான் எடுத்துப் படித்தேன். உங்கள் பாயிண்ட்கள் சீக்கிரம் காலாவதியாகப் போகின்றன, பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று இருந்தது. என்னங்க இது என்று கேட்டேன். அதுவா, அப்பப்ப வரும், அந்தப் பாயிண்ட்டுக்குச் சக்கரம் வைத்த பெட்டி தருவான் என்றார். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகனிடம் போனில் கேட்டால், கடையில் சாமான் வாங்குகிற கூப்பனாக மாற்றிவிடலாம் அம்மா என்றான்.

நான் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து முழுதையும் படித்தேன். பெட்டிக்கும் கூப்பனுக்கும் கொடுத்தால் பாயிண்ட்டின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. விமான டிக்கெட்டாக எடுத்தால்தான் முழு மதிப்பு. குடும்பத்து ஆளுக்கும் அதே கணக்கிலிருந்து எடுக்கலாம். இரண்டு பேர் துபாய் போய்த் திரும்பவும், இரண்டு ராத்திரி ஓட்டலில் தங்கவும் அவரிடம் இருந்தது போதும்.

"நீங்க இருந்த ஊரை எனக்குப் பாக்கணும்" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது, கட்டடம்தான், வெயில்தான் என்றார். அந்த வெயிலை நீங்கள் பார்த்தீர்களே, நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை, என்னை அங்கே அழைத்துப் போவது பற்றிப் பேச்சு வந்தது. குடும்ப விசாவுக்கு அந்தச் சம்பளம் பத்தாது. பிறகு மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனது, நிலம் இருந்தது, மகனுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. இப்போது எதுவும் தடையில்லை. அவருக்கும் மறுத்துச் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. உன்னால் முடிந்தால் எடு என்றார். முடியாது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார்.

முதல் முட்டுக்கட்டை உடனே வந்தது. கணக்கைத் திறக்க ஒரு எண் அனுப்புவார்கள். அது அவருடைய பழைய துபாய் சிம்முக்குப் போனது. அந்த சிம் செத்து இரண்டு வருஷம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். அந்த நேரத்தில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பெண் வந்து இங்கிலீஷில் பேசினாள். என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். இலக்கணம் சரியாக இருக்கும், வேகம் இருக்காது. கணக்குக்கு உரியவர்தான் பேச வேண்டும் என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கடைசியாகப் போன ஊர் எது, தபால் பெட்டி எண் என்ன என்று அவள் கேட்டதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னார். எங்கள் வீட்டு கேஸ் இணைப்பின் எண்ணைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. அந்த ஊரின் தபால் பெட்டி எண் நாக்கு நுனியில் இருந்தது.

இரண்டாவது, பெயர். பாஸ்போர்ட்டில் அவர் பெயர் முன்னாலும் அவருடைய அத்தா பெயர் பின்னாலும் இருந்தது. விமானக் கணக்கில் அது தலைகீழாகக் கிடந்தது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் டிக்கெட் தர மாட்டோம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பட்டாவிலும் இதே மாதிரி இரண்டு பெயரும் இடம் மாறிக் கிடந்து, ஜமாபந்தியில் மனுக் கொடுத்து நான் திருத்தியிருக்கிறேன். தாலுகா ஆபீஸைப் பார்த்தவளுக்கு இது எம்மாத்திரம். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இந்த விஷயத்தில் அவர்கள் தாலுகா ஆபீஸைவிட நல்லவர்கள்.

மூன்றாவதுதான் நிஜமான சிக்கல். பாயிண்டில் எடுக்கிற சீட்டை ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம்தான் ஒதுக்குகிறார்கள். எங்களுக்குத் தோதான காலமும் குறுகியது. சம்பா அறுவடை முடிந்து வைக்கோலைக் கட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு, நோன்பு தொடங்குவதற்கு முன்னால் போய்த் திரும்ப வேண்டும். அந்த நாட்களில் சென்னையிலிருந்து போக ஒரு விமானத்துக்கு ஒரு சீட்தான் காட்டியது. திரும்பி வர மட்டும் ஒரே விமானத்தில் இரண்டு இருந்தது. காலையில் சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். கருப்புக் காப்பி போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பேன். ஒன்றுதான்.

"சரி, விடு. நமக்கு அமையல" என்றார் கணவர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"ஒரு ஆளு முதல் நாளு, ஒரு ஆளு மறுநாளு. ரெண்டு நாளுலயும் ஒண்ணு ஒண்ணு இருக்கே" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் தான் முதலில் போவதாகவும், மறுநாள் ஏர்போர்ட்டுக்கு வந்து என்னை அழைத்துக்கொள்வதாகவும் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு என் கணவரைத் தெரியும். ஒரு நாள் முன்னால் போனால் எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று திட்டம் போட்டுவிடுவார். உயரமான கட்டடத்தையும் தண்ணீர் நடனத்தையும் காட்டி என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"நான் முந்திப் போறேன் மச்சான். நீங்க பின்னால வாங்க."

"தனியாவா?"

"தனியாத்தானே இருந்தேன் இத்தனை வருஷமும்."

இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானமே இரண்டு டிக்கெட்டையும் எடுத்தேன். பாயிண்ட் என்றாலும் வரி என்று கொஞ்சம் கட்டத்தான் வேண்டியிருந்தது. ஓசி என்றார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் தன் கார்டைக் கொடுத்தார். விசாவை மட்டும் கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸில் கொடுத்து வாங்கினோம். செய்தி தெருவில் பரவியதும் கொழுந்தனார் வந்து, பொம்பளை தனியாகக் கடல் தாண்டிப் போவது மார்க்கத்தில் சரியா என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கணவர் சொன்னார். "அவ என் சம்மதத்துல போறா. நான் பின்னாடியே போறேன். நீ டீயைக் குடி." கொழுந்தனார் டீயைக் குடித்தார்.

பாபநாசத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். மகன் வீட்டில் அவரை விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் திறக்கத் தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துத் திறந்தார். நானும் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன்.

துபாய் ஏர்போர்ட்டில் எழுதிப்போட்டிருந்த பலகைகளைப் படித்துப் படித்து வெளியே வந்துவிட்டேன். பெண்கள் ஓட்டுகிற டாக்ஸி தனியாக உண்டு, கூரை ரோஸ் நிறத்தில் இருக்கும் என்று படித்திருந்தேன். அதில் ஏறினேன். ஓட்டியவள் ஆப்பிரிக்காக்காரி. நீ தனியாகவா வந்தாய் என்று அவளும் கேட்டாள். கணவர் நாளைக்கு வருகிறார் என்றேன். அவளுடைய கணவர் ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாராம். இங்கே தலைகீழ் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஓட்டலில் பையை வைத்துவிட்டு, சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். அவர் இருந்த கட்டடம் பழைய தேரா பகுதியில், ஒரு தையல்காரர் கடைக்கு மேலே இருப்பதாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். முகவரியை நான் போகாமலேயே மனப்பாடமாக வைத்திருந்தேன். போன் காட்டிய வழியில் நடந்தேன். தையல் கடை இப்போது மொபைல் கடையாகியிருந்தது. கட்டடம் அப்படியே இருந்தது. காவி பூசிய மூன்று மாடி. கீழே நாற்காலியில் காவல்காரர் உட்கார்ந்திருந்தார், மலையாளி. நான் தமிழில் கேட்டேன், அவர் மலையாளத்தில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் புரிந்தது. லிப்ட் கம்பெனியில் வேலை பார்த்த, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இங்கேதான் தங்கியிருந்தார் என்று சொன்னதும் எழுந்துவிட்டார்.

"லிப்ட் பாயோ?" என்றார்.

பாய் என்றால் பையன் இல்லை, நம் ஊரில் சொல்கிற பாய்தான். ஆமாம், அவர் மனைவி நான் என்றேன். நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பாய் சுகமாக இருக்கிறாரா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். முட்டி வலியா என்றேன். அவர் மாடிப்படியைக் காட்டினார். அறை மூன்றாவது மாடியில். இந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது.

நான் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கெங்கோ போய் லிப்டை ஓடவைத்தவர் வேலை முடிந்து வந்து இந்தப் படியில்தான் ஏறியிருக்கிறார். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேலே போகிறீர்களா என்று காவல்காரர் கேட்டார். அவர் வரட்டும், அவரோடு போகிறேன் என்றேன். அவர் இல்லாமல் அந்த அறை வாசலில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் வந்தார். ஓட்டலிலேயே இரு, நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். நான் எப்படி ஓட்டலில் இருப்பேன். மெட்ரோவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருந்தது. அதில் ஏறி ஏர்போர்ட்டுக்குப் போய், வெளியே வரும் வாசலில் நின்றேன். வருஷா வருஷம் திருச்சி ஏர்போர்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனோடு நின்றவள்தான் நான். அங்கே அவர் அட்டைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார். முதலில் மகனைத் தேடுவார், அப்புறம்தான் என்னை. இங்கே ஒரு சின்னப் பையோடு, டாக்ஸி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

"மச்சான்" என்று கூப்பிட்டேன்.

தமிழ்க் குரல் கேட்டு வேறு யாரையோ பார்ப்பது மாதிரித் திரும்பினார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவரின் வண்டி அவர் காலில் இடித்தது.

"நீ எப்படி இங்க வந்தே?"

"மெட்ரோவுல. வாங்க, உங்களுக்கும் ஒரு கார்டு வாங்கிப் பணம் ஏத்தி வச்சிருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அவர் மெட்ரோவில் ஏறியது கொஞ்சம்தானாம், எங்கே போனாலும் கம்பெனி வேன். எந்தப் பக்கம் மாற வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அவர் பின்னால் வந்தார். என் பெட்டியில் அவர் ஏற முடியாது என்பதால் பொதுப் பெட்டியில் நான் அவரோடு நின்றுகொண்டே வந்தேன்.

காலைச் சாப்பாட்டின்போது, நேற்று அந்தக் கட்டடத்துக்குப் போனேன் என்று சொன்னேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. மேலே போனாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, "வா, நான் போட்ட லிப்டைக் காட்டுறேன்" என்றார்.

அன்று பகல் முழுக்க லிப்டில் ஏறி இறங்கினோம். ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பழைய ஷாப்பிங் சென்டர், கடலோரத்தில் ஒரு ஓட்டல். ஒவ்வொன்றிலும் உச்சி மாடி வரைக்கும் போய் இறங்குவோம். லிப்ட் கிளம்பும்போது தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். ஆஸ்பத்திரி லிப்டில் ஏதோ சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. ரோலரைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று முகத்தைச் சுளித்தார். கடலோர ஓட்டலில் கதவு மூடியது தெரியவில்லை, நகர்ந்ததும் தெரியவில்லை. அந்த லிப்டுக்காக ரம்ஜான் மாசத்தில் நோன்போடு வேலை பார்த்ததைச் சொன்னார். வீட்டில் நான் ஒன்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவர் அன்று பேசிக்கொண்டே வந்தார். கண்ணாடி லிப்டிலிருந்து கடலைப் பார் என்றார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் அவர் இப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் நான் கேட்காமலேயே, அங்கே போய்வருவோம் என்றார். காவல்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படியில் ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் நின்று, கைப்பிடியைப் பிடித்து, முட்டிக்கு ஓய்வு கொடுத்து ஏறினார். அறை பூட்டிக் கிடந்தது. இப்போது இருக்கிறவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பூட்டைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். உள்ளே அடுக்குக் கட்டில்தான், வேறு ஒன்றுமில்லை, நீ பார்த்ததாக நினைத்துக்கொள் என்றார். பிறகு இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தப் படிதான்" என்றார்.

என்ன படி என்று கேட்டேன்.

"உன்கூடப் போன் பேசறது. ரூமுக்குள்ள ஆளுங்க படுத்திருப்பாங்க. இங்க வந்து உக்காந்தா ஏறி இறங்கறவனெல்லாம் கேட்டுக்கிட்டே போவான். நீ அந்தப் பக்கம் என்னென்னமோ சொல்லுவே. நான் 'சரி, சரி'ன்னு மட்டும் சொல்லுவேன்."

அந்தச் சரி எனக்கு நன்றாகத் தெரியும். வயல் தண்ணீரில் மூழ்கியது, போர்க்கிணறு போட வேண்டும், மகனை ஒரத்தநாட்டில் விடுதியில் சேர்க்கலாமா, எதைச் சொன்னாலும் அந்தப் பக்கத்திலிருந்து சரி என்றுதான் வரும். அவருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை போலிருக்கிறது என்று சில நாள் நினைத்திருக்கிறேன். சம்மதம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த காரியத்தைப் பார்க்கப் போய்விடுவேன். போர் போட்டேன். விடுதியில் சேர்த்தேன். கிழக்கே இருந்த துண்டு நிலத்தையும் அப்படித்தான் வாங்கினேன்.

"நல்லதாப் போச்சு. நீங்க அதிகமாப் பேசியிருந்தா நான் யோசனை கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். ஒண்ணும் நடந்திருக்காது" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கீழேயிருந்து ஏறி வந்த ஒரு பையன் எங்களைத் தாண்டிப் போக வழி கேட்டு நின்றான். சுவரோரமாக ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டோம். அவன் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர் தோளில் நான் சாய்ந்துகொண்டேன். யார் வந்து பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு தெருவில் ஒருத்தி பாக்கியில்லாமல் கதை கேட்க வந்தார்கள். கேட்டுவிட்டுப் போனவர்கள் மறுநாள் கணவன்மாரின் போனோடு வந்தார்கள். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்து வந்த ஆண்கள் எத்தனை பேர் பெயரில் இப்படிப் பாயிண்ட் தூங்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சிலருக்கு ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. சிலர் பெட்டி வாங்கியிருந்தார்கள். பெயர் தலைகீழாக இல்லாத கணக்கு ஒன்றுகூட நான் பார்க்கவில்லை. பாபநாசம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், தன் மகன் அமெரிக்காவிலிருந்து பாயிண்ட் அனுப்புகிறேன் என்கிறான், அதை எப்படி வாங்குவது என்று கேட்டு வந்தார். அவருக்கு டெல்லிக்கு எடுத்துக் கொடுத்தேன். அங்கே அவருடைய தங்கை இருக்கிறாராம்.

இப்போது அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் கணவர் தோஹாவில் இருக்கிறார். அவருக்கு அடுத்த லீவு எப்போது என்று தெரியாது. பாயிண்ட் இருக்கிறது, இவள் போய்வரலாம். குளிர்காலத்துக்கு ஒரு சீட்கூட இல்லை. ஜூன் மாசத்தைத் திறந்தால் வேண்டிய அளவு இருக்கிறது. அந்த வெயிலில் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்களாம். ஐயோ வெயிலா அக்கா என்று இவள் தயங்கினாள்.

நான் போனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். "சித்திரையில உளுந்து பறிச்சவதானே நீ. தேதியைச் சொல்லு" என்றேன்.